பெயர் மாறி வந்தவள்

(கொம்பனித்தெருவில் வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எம்மை இன்று இங்கு அழைத்த அன்பர்கள், "சட்டத்தைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள்" என்றே கேட்டிருந்தார்கள். துப்பறியும் நவீனம் ஒன்றைப் பற்றிப் பேசப்போகின்றோம் என்று நாம் மறுமொழி அனுப்பியபொழுது அவர்களுக்குச் சிறிது ஏமாற்றம் உண்டாகியிருக்கும். மேடைதோறும் வாக்குரிமை, காணியுரிமை, மொழியுரிமை என்று முழங்கித் திரிகின்ற வழக்கறிஞர் கூட்டம், தலையணையின் கீழ் ஒளித்து வைத்துப் படிக்கப்படும் கதைப் புத்தகத்தை மேடைக்குக் கொண்டுவருவது தகுமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. எமக்குத் தொழில் பழக்கிய பெரியவர் ஒருவர், வழக்கு இல்லாத நாட்களில் தமது மேசை இலாச்சியில் துப்பறியும் கதைகளை வைத்துப் படிப்பார். யாரேனும் அறைக்குள் வந்தால் அதன்மேல் சட்ட அறிக்கையொன்றை எடுத்து வைத்துவிடுவார். அந்த வழக்கத்தை இன்று நாம் தலைகீழாக்குகின்றோம். கதையை மேலே வைத்துச் சட்டத்தைக் கீழே வைத்திருக்கின்றோம்.

யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த கமக்காரர் சிலரும் இங்கு இருக்கக் காண்கின்றோம். அவர்களுக்கு நாம் சொல்லப்போவது விளங்காத விஷயமன்று. உறுதியில் தகப்பனாரின் பெயர் ஓர் எழுத்துப் பிசகி எழுதப்பட்டிருந்தால், பரம்பரையாய் உழுத வயல் யாருடையது என்று நீதிமன்றத்தில் நின்று விளக்கவேண்டி வருகிறது. மண்ணுக்கு உங்களைத் தெரியும், மாட்டுக்கும் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. இன்றைய பேச்சு அதைப் பற்றியதே. காகிதத்தில் ஒரு பெயரும் உடம்பில் வேறொரு பெயருமாய்க் கடல் கடந்து வந்த பெண்ணின் கதை.

முதலிற் கதையைச் சொல்லிவிடுவோம். முடிவைச் சொல்லமாட்டோம். கொலைஞன் யாரென்பதை முன்கூட்டியே வெளியிடுகிறவனைத் தண்டிக்க எந்தத் தண்டனைச் சட்டக்கோவையிலும் பிரிவு இல்லையாயினும், வாசகர் கூட்டம் அவனை மன்னிக்காது.

றீஸ் போவன் என்ற புனைபெயரில் எழுதுகின்ற அம்மையார் இங்கிலாந்திற் பிறந்தவர். அவுஸ்திரேலியாவிற் சிலகாலம் வாழ்ந்து, பின் கலிபோர்னியாவிற் குடியேறியவர். அவர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட நவீனத்தின் பெயர் 'மேர்பீஸ் லோ'. கெடக்கூடியது எதுவோ அது கெட்டே தீரும் என்று ஆங்கிலத்தில் வழங்கும் பகடியையும், கதாநாயகியின் குடும்பப் பெயரையும் ஒருசேரக் குறிக்கும் சிலேடை அது. சட்டப் புத்தகமென்று எண்ணி யாரும் வாங்கி ஏமாறவேண்டாம். அந்த ஆண்டுக்குரிய அகதா விருதைப் பெற்ற இந்நூலைத் தொடர்ந்து, அதே கதாநாயகியை வைத்து இருபது நூல்களுக்கு மேல் வந்துவிட்டன. முதல் நூலே நாம் இன்று எடுத்துக்கொள்வது.

காலம் 1901. அயர்லாந்துக் கிராமமொன்றில் நிலக்கிழாரின் மகன், குடியானவன் மகளாகிய மொலி மேர்பியைக் கெடுக்க முயல்கிறான். நடந்த போராட்டத்தில் அவன் வீழ்கின்றான். தற்காப்புக்காகச் செய்ததே, ஆயினும் யார் நம்புவர்? எமது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும், கற்பழிக்க வந்தவனைத் தடுக்கும் பெண் அவனைக் கொல்ல நேரினும் குற்றமன்று என்றே சொல்கிறது. சட்டம் எழுத்தில் நன்றாய்த்தான் இருக்கிறது. நிலக்கிழாரின் மகனுக்கு எதிராகக் குடியானவன் மகளின் பக்கம் சாட்சி சொல்ல வருகிறவர் யார் என்பதே கேள்வி. மொலி சட்டம் படித்தவள் அல்லள். எனினும் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவள். ஓடுகின்றாள்.

லிவர்பூல் துறைமுகத்தில் அவளுக்குக் கத்லீன் என்னும் இளந்தாய் அடைக்கலம் அளிக்கிறாள். கத்லீனின் கணவன் நியூ யோர்க்கில் இருக்கின்றான். இரண்டு சிறு பிள்ளைகளுடன் அவனிடம் போய்ச்சேரக் கப்பற் சீட்டும் வாங்கியாயிற்று. ஆனால் அவளுக்குச் சயரோகம். நோய் கண்டவளை அமெரிக்கா உள்ளே விடாது. ஆகவே, சீட்டையும், பெயரையும், தன் இரு பிள்ளைகளையும் மொலியின் கையில் ஒப்படைக்கிறாள். "என் பிள்ளைகளை அவர்களின் தகப்பனிடம் சேர்த்துவிடு" என்பதே ஒப்பந்தம். அன்பர்களே, நொத்தாரிசு முன்னிலையில் எழுதாத எத்தனையோ ஒப்பந்தங்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கின்றோம். இதைப்போலக் கனமானதொன்றை அறியோம். ஒருத்தி தன் பெயரைக் கொடுத்துவிட்டுச் சாகக் காத்திருக்கின்றாள். மற்றவள் தன் பெயரை விட்டுவிட்டு வாழப் போகின்றாள்.

எல்லிஸ் தீவில் இறங்குகிறார்கள். அன்றிரவு அத்தீவில் ஒருவன் கொலையுண்டு கிடக்கின்றான். கப்பலில் மொலியோடு வாக்குவாதப்பட்டவன் அவன்; அதைப் பலர் கண்டிருக்கிறார்கள். பொலிஸார் அவளை ஐயுறுகின்றனர். இப்பொழுது அவளுடைய நிலையை ஒரு வழக்கறிஞரின் கண்கொண்டு பாருங்கள். "நான் கத்லீன் அல்லேன்" என்று உண்மை சொன்னால், அயர்லாந்திலே தூக்குமரம் காத்திருக்கிறது. "நான் கத்லீனே" என்று பொய் சொன்னால், அந்தப் பொய்யே அவள்மீது ஐயத்தை வளர்க்கும். மௌனமாய் இருந்தால் திருப்பி அனுப்பப்படுவாள். அவளுக்காகப் பேச ஒருவருமில்லை. அவளே பேசவும் வழியில்லை. எஞ்சியிருப்பது ஒன்றே. கொலை செய்தவன் யாரென்று அவளே கண்டுபிடிக்கவேண்டும். நியூ யோர்க்கின் நெருக்கடி மிகுந்த தெருக்களில் வீடுவீடாய், மதுக்கடை மதுக்கடையாய் அவள் விசாரித்துத் திரிவதே நூலின் பிற்பகுதி.

இங்கேதான் இந்நூல் எம்மைப் பிடித்து நிறுத்தியது. நாம் சிறுவயதிற் படித்த துப்பறியும் கதைகளில், துப்பறிகிறவர் வெளியே நிற்பவர். அவருக்கு அந்தக் கொலையால் ஒரு நட்டமுமில்லை. புகைக்குழாயைக் கடித்துக்கொண்டு நாற்காலியிற் சாய்ந்து சிந்திப்பார். பொலிஸாரும் அவர் முன் கைகட்டி நிற்பர். மொலிக்கு நாற்காலியே இல்லை. கேள்வி கேட்கும் உரிமை அவளுக்கு யாராலும் கொடுக்கப்படவில்லை. கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டிய இடத்தில் நிறுத்தப்பட்டவள், அங்கிருந்தே கேள்வி கேட்கத் தொடங்குகின்றாள். அந்நியப் பெண், ஏழை, இரு பிள்ளைகளின் கையைப் பிடித்தவள் என்பதால் அவளை யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்த அலட்சியமே அவளுக்குக் கதவுகளைத் திறந்து விடுகிறது.

நிற்க, அந்தத் தீவைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். எல்லிஸ் தீவுக் குடிவரவு நிலையம் 1892 ஜனவரி 1ஆம் நாள் திறக்கப்பட்டது. 1897இல் அது தீக்கிரையாகி, 1900 டிசம்பரிற் புதிய கட்டடம் எழுந்தது. ஆகவே, 1901இல் மொலி ஏறிய படிகள் புத்தம் புதியவை. 1954இல் நிலையம் மூடப்படும் வரையில் ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம் மக்கள் அவ்வழியாகச் சென்றனர். படியேறுகையிலேயே வைத்தியர்கள் மூச்சு வாங்குகின்றவர் யார், நொண்டுகின்றவர் யார் என்று நோக்குவர். ஐயமுற்றவரின் உடுப்பில் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்து எழுதுவர். துணையின்றி வந்த பெண்ணை, உறவினர் வந்து பொறுப்பேற்கும் வரையிலோ, அவரிடமிருந்து கடிதமோ தந்தியோ கிடைக்கும் வரையிலோ வெளியே விடுவதில்லை. அத்தீவின் அதிகாரிகள் வந்தவர்களின் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று அமெரிக்காவில் ஒரு கதை பரவலாக உண்டு. அது உண்மையன்று. பெயர்ப்பட்டியல் கப்பல் புறப்பட்ட துறையிலேயே எழுதப்பட்டது. அதிகாரிகள் அதை வாசித்துச் சரிபார்த்தார்கள். ஆகவே, மொலியைப் போலப் பெயர் மாறுவதாயின் கரையேறுமுன்பே மாறியிருக்கவேண்டும். நூலாசிரியர் அவ்விஷயத்தில் தவறவில்லை.

கற்பனையை விட்டு நடந்த கதைக்கு வருவோம். அந்நிலையத்தில் முதன்முதலாகப் பதியப்பட்டவள் அன்னி மூர் என்னும் அயர்லாந்துப் பெண். கோர்க் நகரத்தவள். வயது 17. இரு தம்பியரை அழைத்துக்கொண்டு வந்தவள். அவளுக்குப் பிற்காலத்தில் சிலைகளும் வைத்தார்கள். அவள் மேற்கே சென்று, டெக்சாஸ் மாநிலத்தில் வாழ்ந்து இறந்தாள் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த டெக்சாஸ் குடும்பத்தார் அவளுடைய வழித்தோன்றல்கள் என்று விழாக்களுக்கு அழைக்கப்பட்டார்கள். மேகன் ஸ்மொலென்யாக் என்னும் வமிசாவளி ஆய்வாளர் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். டெக்சாஸில் இறந்த அன்னி மூர் இலினோயில் பிறந்தவள்! அமெரிக்காவுக்குக் குடிவந்தவளே அல்லள். அப்படியாயின் உண்மையான அன்னி எங்கே? ஸ்மொலென்யாக் 1,000 டொலர் பரிசு அறிவித்துத் தேடினார். 2006இல் விடை கிடைத்தது. அவள் நியூ யோர்க் நகரை விட்டுப் போகவேயில்லை. கீழ்க் கிழக்குப் பகுதியின் வறிய குடியிருப்புகளில் வாழ்ந்து, ஜெர்மானிய வமிசத்தவன் ஒருவனை மணந்து, பல பிள்ளைகளைப் பெற்று, சிலரைக் குழந்தைகளாகவே பறிகொடுத்து, 1924இல் இறந்து, பெயர் பொறிக்காத குழியொன்றிற் கிடந்தாள். 2008இல்தான் அக்குழிக்கு ஒரு கல் நாட்டப்பட்டது.

மேற்கே சென்று முன்னேறிய அன்னியைத் தேசம் விரும்பியது. அது அழகிய கதை. வறுமையிற் செத்த அன்னியை யாரும் தேடவில்லை. ஒரு பெண் பழைய பதேடுகளை ஒப்பிட்டுப் பார்த்திராவிட்டால், பிழையான பெயரே உண்மையாய் நிலைத்திருக்கும். இதைவிடச் சிறந்த துப்பறியும் கதை எது?

இனி எமது கரைக்கு வருவோம். எல்லிஸ் தீவிலே சுண்ணக்கட்டியால் எழுத்து எழுதிய அதே காலத்தில், எமது கடலுக்கு இப்பால் வந்தவர்களின் கழுத்திலே தகரத்துண்டு தொங்கியது. மலைநாட்டுப் பெரியவர்களுக்கு இது தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட முறை அது. தோட்டத்தின் இலக்கமும் தொழிலாளியின் இலக்கமும் பொறித்த சிறு தகரம். நூலிற் கோத்துக் கழுத்திற் கட்டுவர். தென்னிந்தியக் கிராமத்திலிருந்து தோட்டத்து லயம் வரையில் வழிச்செலவெல்லாம் அந்த இலக்கத்தின்மேல் எழுதப்படும். பெயர் தேவைப்படவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிற் கப்பற் போக்குவரத்துத் தொடங்கியபின் மண்டபம் முகாம் வழியாகவும், அதன்முன் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும், அதற்கும் முன்பு மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே கால்நடையாய் மாத்தளைக்கும் வந்தவர்கள் அவர்கள். அவ்வாறு வந்த ஒரு பெண் வழியிற் காய்ச்சலில் இறந்து, அவளுடைய தகரத்தை வேறொருத்தி கழுத்தில் அணிந்து வந்திருந்தால், அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கங்காணிக்கும் அக்கறையில்லை, துரைக்கும் அக்கறையில்லை. பிரட்டில் எண்ணிக்கை சரியாய் இருந்தாற் போதும்.

அந்தத் தகரத்தின் பேரர்களிடம் பிற்காலத்தில் இந்நாடு என்ன கேட்டது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கு பிறந்தவரிடம் 'உன் தந்தை இங்கு பிறந்தவர் என்று காட்டு; அல்லது தந்தையின் தந்தையும் அவர் தந்தையும் இங்கு பிறந்தவர் என்று காட்டு' என்றது. இந்நாட்டிற் பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டதே 1897இல். பாட்டனின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை எங்கே போய்த் தேடுவது? இங்கிருக்கும் கமக்காரப் பெரியவர்களே, உங்கள் பூட்டனாரின் பிறப்புப் பத்திரத்தை நாளைக் காலை கொண்டுவாருங்கள் என்றால் எத்தனை பேர் கொண்டுவருவீர்கள்? உங்களிடம் கேட்கவில்லை; அவர்களிடம் கேட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அச்சட்டம் தாயைப் பற்றிக் கேட்கவேயில்லை. மணவுறவிற் பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழியே வழி. தாய் இந்த மண்ணிற் பிறந்து, இந்த மண்ணிற் கொழுந்து கொய்து, இந்த மண்ணிலே பிள்ளை பெற்றிருந்தாலும், அவள் பிறப்பு ஒரு சாட்சியாகாது. தாய்வழியாகவும் பிரஜாவுரிமை பெறலாம் என்ற திருத்தம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. 55 ஆண்டுகள்!

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். 1946க்கு முன் மணமானவர்க்கு 7 ஆண்டு, மணமாகாதவர்க்கு 10 ஆண்டு இடையறாது வாழ்ந்தமைக்கு அத்தாட்சி வேண்டும். ஏறக்குறைய 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரஜாவுரிமை கிடைத்ததோ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரளவினருக்கே. கோடக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரையிற் சென்றது. தன் பிரஜைகள் யாரென்று வரையறுப்பது சட்டசபைக்கு இயல்பான அதிகாரமே என்று 1953இல் தீர்ப்பாயிற்று. அதன்பின் 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் இரு பிரதமர்கள் கையொப்பமிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே, 3 இலட்சம் பேர் இங்கே என்று பங்கிட்டதும், எஞ்சிய 1½ இலட்சத்தை 1974இற் பாதிபாதியாக்கியதும் நீங்கள் அறிந்த வரலாறு. அதை விரிக்கப் போவதில்லை.

குற்றவியல் வழக்கில் குற்றஞ்சாட்டுகிறவரே நிரூபிக்கவேண்டும். நாம் மாணவராயிருந்தபொழுது எமக்கு முதலில் ஓதப்பட்ட பாடம் அது. குடிவந்தவர் விஷயத்தில் மாத்திரம் அப்பாடம் தலைகீழாகின்றது. அவரே தம்மை நிரூபிக்கவேண்டும். நிரூபிக்கும் கருவிகளோ அவரிடம் இல்லை. மொலி மேர்பியின் கதையைப் படித்தபொழுது நாம் நினைத்தது நியூ யோர்க்கை அன்று. எமது அறைக்கு வந்த ஓர் அம்மாவையே நினைத்தோம்.

அவருடைய அனுமதியோடு சொல்கின்றோம். ஊரும் தோட்டமும் பெயரும் சொல்லோம். மலைநாட்டுத் தோட்டமொன்றிற் பிறந்து, சிறுவயதிலே கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்து, இங்கேயே மணமுடித்து, இந்தச் சுற்றாடலிலேயே குடியிருந்தவர். கணவர் இறந்துவிட்டார். கணவரின் ஊழியர் சேமலாப நிதியைப் பெறப் போனபொழுது சிக்கல் பிறந்தது. கணவர் மனைவியின் பெயரென்று எழுதிக்கொடுத்தது அவர் வீட்டில் அழைக்கும் பெயர். அம்மாவின் அடையாள அட்டையிலோ வேறு பெயர். இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்தாற் போதும் என்று நாம் எளிதாய் எண்ணிவிட்டோம். விசாரித்தபொழுது வேறொரு பதிவு வெளிவந்தது. அடையாள அட்டையிலுள்ள பெயருக்கு உரியவள் நான்கு வயதில் இறந்துவிட்டாள்!

அம்மா ஒளிக்கவில்லை. "அது எங்க அக்கா ஐயா" என்றார். அக்கா இறந்தபின் இவர் பிறந்தார். இவருடைய பிறப்பை யாரும் பதியவில்லை. பிற்காலத்தில் அடையாள அட்டைக்குப் பத்திரம் கேட்டபொழுது, வீட்டிலிருந்த ஒரே பத்திரத்தை, அக்காவின் பத்திரத்தை, அவர் தாயார் எடுத்துக் கொடுத்தார். அன்று முதல் அக்காவாய் வாழ்ந்தார். ஆக, சட்டத்தின் கண்ணில் எம்முன் அமர்ந்திருந்தவர் இறந்தவர், இறவாதவரோ பிறக்கவேயில்லை.

கந்தோர் ஒன்றில் அவரைப் பார்த்து, "நீர் யாருடைய பத்திரத்தைத் திருடினீர்?" என்று கேட்டிருக்கிறார்கள். கணவனை இழந்து வந்த பெண்ணிடம் கேட்ட முதற் கேள்வி அது. நாமும் பெருமை கொள்வதற்கில்லை. உத்தேச வயதுச் சான்று, காலங்கடந்த பிறப்புப் பதிவு என்று படிவங்களை அடுக்கினோமேயன்றி, இவர் பிறந்ததைக் கண்ட சாட்சி எங்கே என்பதற்கு எம்மிடம் விடையில்லை. "அம்மா, அதற்கெல்லாம் இனி யார் உயிரோடு இருக்கப் போகிறார்கள்?" என்று கேட்டு அனுப்பிவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். கூடவே எண்பது வயதைத் தாண்டிய ஒரு கிழவியை அழைத்து வந்தார். தோட்டத்து மருத்துவிச்சியாய் இருந்தவர். அவரைக் கண்டுபிடிக்க இந்த அம்மா செய்தது என்ன தெரியுமா? பிறந்த தோட்டத்துக்குப் போனார். லயம் லயமாய் நடந்தார். அங்கே ஒருவருக்கும் நினைவில்லை. அக்கா இறந்த ஆண்டில் பிள்ளைக்காம்பராவில் யார் ஆயாவாக இருந்தார் என்று கேட்டார். அந்த ஆயாவின் மகள் வேறு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள், அங்கே போனார். அவள் சொன்ன குறிப்பைக் கொண்டு மூன்றாவது தோட்டத்துக்குப் போனார். அங்கே மருத்துவிச்சி தன் பேரனோடு இருந்தார். அவருக்கு இரண்டு பிரசவமும் நினைவிருந்தது. மூத்தவள் பிறந்தபொழுது லயத்துக் கூரை ஒழுகியதும், இளையவள் பிறந்தபொழுது கொழுந்து மிகுந்த காலமாதலால் தகப்பனை மலையிலிருந்து கூப்பிடப் பகல் முழுவதும் சென்றதும் அவர் சொன்னார். நாம் எழுதிக்கொண்டோம்.

துப்பறிந்தவர் நாமல்லர். எமக்குக் கிடைத்தது கையொப்பமிடும் வேலை மாத்திரமே. பணம் ஒருவாறு கிடைத்தது. பெயர் விவகாரம் இன்னும் முடியவில்லை. இனி உங்கள் சொந்தப் பெயரிற் புதிய அட்டை எடுக்கலாம் என்று சொன்னோம். அவர் தயங்கினார். "அக்கா பேர இத்தன வருசமா நான்தான் வச்சிருக்கேன். திருப்பிக் குடுத்துட்டா அவள யாரு ஐயா நெனப்பாங்க?" என்றார். எமக்கு விடை தெரியவில்லை.

மீண்டும் நவீனத்துக்கு வருவோம். அதைக் குறையற்றதென்று நாம் சொல்லவில்லை. தற்செயல்கள் மிகுதி. மொலி எங்கே விழுந்தாலும் அங்கே ஒரு நல்லவர் நின்று தாங்கிக்கொள்கிறார். விசாரிக்க வந்த பொலிஸ் அதிகாரியோ நல்ல அழகன், மேலும் சொல்லவேண்டியதில்லை. எமது அம்மாவுக்கு அவ்வாறான அதிகாரி எவரும் வாய்க்கவில்லை. இன்னொரு குறை பெரிது. மொலி வெள்ளை நிறத்தவள். அவள் கரையேறிய அதே நாட்டில், 1882ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் சீனத் தொழிலாளருக்குக் கதவு மூடப்பட்டிருந்தது. 1943 வரையில் அது நீங்கவில்லை. மொலிக்குப் பெயர்தான் தடை, தோல் தடையாயிருக்கவில்லை. ஒரு சீனப் பெண் அந்த இரவில் அங்கே ஐயுறப்பட்டிருந்தால் கதை வேறு விதமாய் முடிந்திருக்கும். ஆயினும் நூலின் விறுவிறுப்பை மறுப்பதற்கில்லை. இரவு பதினொரு மணிக்கு எடுத்த நாம், வைக்கும்பொழுது சேவல் கூவிற்று.

எமது மொழியில் இவ்வகை நூல்கள் இல்லையோ எனின், துப்பறியும் நவீனத்துக்குக் குறைவில்லை. ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்தசிங் ஆகியோரை எங்கள் பாட்டன்மார் அறிவர். திகம்பர சாமியார் 1950இற் படமாகவும் வந்தார். வை. மு. கோதைநாயகி அம்மாள், பெண்ணாய் இருந்துகொண்டே 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, 115 நவீனங்கள் எழுதியவர். அவற்றிலே துப்பறியும் கதைகளும் உண்டு. ஆனால் அந்தக் காலத்துக் கதைகளிற் பெண், பெரும்பாலும் கடத்தப்படுபவள், மீட்கப்படுபவள், ஈற்றில் மணமுடிக்கப்படுபவள். அவளே எழுந்து நடந்து சாட்சி தேடுவது அரிது. கடல் கடந்து வந்த கூலிப் பெண் அவ்வாறு செய்யும் தமிழ் நவீனம் எம் கண்ணிற் படவில்லை.

பொருளுக்குப் பஞ்சமா? இந்நாட்டிலே கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குள் வெளியார் நுழையக்கூடாதென்றிருந்த காலத்தில், புடவை வியாபாரியாய் வேடமிட்டுச் சென்று தொழிலாளரின் நிலையை அறிந்துவந்தார். மூட்டையைச் சுமந்து லயத்து வாசலில் இறக்கிச் சேலையை விரித்துக்கொண்டே விசாரணை நடத்தியவர் அவர். எந்தத் துப்பறியும் கோவிந்தனுக்கு இந்தத் துணிவு வந்தது? அவர் துணைவியார் மீனாட்சியம்மை, கடல் கடந்து வந்தவர். தொழிலாளர் துன்பத்தைப் பாட்டாக்கி 1940இல் நூலாக வெளியிட்டவர். அவர் கூட்டங்களிற் பாடிய பாட்டைக் கேட்டு நின்ற பெண்களில் ஒருத்தியைக் கதாநாயகியாக்க எவருக்கேனும் தோன்றியதா?

இடமும் தேடிப் போகவேண்டியதில்லை. நாம் நிற்கின்ற இந்தக் கொம்பனித்தெருவே போதும். ஒல்லாந்தர் காலத்தில் கொம்பனியின் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் இது. அதனால் ஆங்கிலத்தில் அடிமைத் தீவென்ற பெயர் நிலைத்தது. தப்பியோடாதபடி வாவியில் முதலைகள் இருந்தன என்பர். பின்பு மலாய்ப் படைவீரர் வந்தனர். யாவாவின் பெயரில் ஓர் ஒழுங்கை, மலாயரின் பெயரில் ஒரு வீதி, படையணியின் பெயரில் ஒரு வீதி. வேகந்தைப் பள்ளிவாசலும், கியூ வீதியிலுள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. வந்தவர்களின் ஊர் இது. 2010இல் இங்கே மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டபொழுது, பல தலைமுறையாய் வாழ்ந்தவர்கள் மீண்டும் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். 2023இல் ஆங்கிலத்திலும் அடிமைத் தீவென்ற பெயரை விட்டுவிடவேண்டுமென்று அரசாங்கம் பணித்தது. பெயர் நீங்கியது நன்றே. ஆனால் அங்கே அடைபட்டிருந்த அடிமைகளில் ஒரு பெண்ணின் பெயராவது எமக்குத் தெரியுமா? கொம்பனியின் பேரேடு யாரிடமேனும் இருந்தால் அதிலும் துப்பறிய ஏதேனும் இருக்கும்.

மொலி நியூ யோர்க்கில் இறங்கிய அதே 1901இல், இராகமை முகாமில் போயர் யுத்தக் கைதிகள் இருந்தார்கள். தூத்துக்குடிக் கப்பல்கள் கொழும்புத் துறையில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. இறந்தவளின் தகரத்தைக் கழுத்திற் கட்டிய ஒருத்தி அந்தக் கப்பலிலிருந்து இறங்கினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் ஒரு கொலை. அவள்மீது ஐயம். அவள் இந்தத் தெருவுக்கு ஓடி வருகின்றாள். மலாய்க் கிழவி ஒருத்தி கதவைத் திறக்கின்றாள். மிகுதியை இங்குள்ள இளைஞர்கள் எழுதட்டும். எமக்கு நாளைக் காலை வழக்கு இருக்கின்றது.

நூலின் பிரதியொன்றை இங்கே வைத்துவிட்டுப் போகின்றோம். ஆங்கிலம் எளிது, படித்துவிட்டுத் திருப்பித் தாருங்கள். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டுப் பெட்டிகளில், பாட்டியின் சேலை மடிப்பிலோ வெற்றிலைப் பையிலோ, இலக்கம் பொறித்த பழைய தகரத்துண்டு எதுவும் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அதிலுள்ள இலக்கமொன்று தோட்டத்தைக் குறிப்பதாயிருக்கும். அந்தப் பழைய மருத்துவிச்சி இன்னும் இருக்கின்றார். அந்த அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.